இங்கிலாந்துக் கிராமத்தில் மூதாதையரைத் தேட எந்த ஆவணத்தில் தொடங்குவது?

ஓர் ஆளின் பெயர், ஒரு கிராமத்தின் பெயர். வம்சம் தேடத் தொடங்குகிற பெரும்பாலோர் கையில் இவ்வளவுதான் இருக்கும். பெரம்பூரிலோ போத்தனூரிலோ ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றில், முன்னோர் ஒருவர் சிப்பாயாகக் கப்பலேறி வந்தவர் என்ற பேச்சு இருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வூதியத்தோடு விடுவிக்கப்பட்ட சிப்பாய்களின் தாள்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்ன கவுன்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு), இன்ன ஊருக்கு அருகில், இன்ன பாரிஷில் (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி) பிறந்தவர் என்று அவற்றில் எழுதியிருக்கும். இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் குடியேறி ஒரு சிறு கிராமத்தில் வீடு வாங்கிய தமிழர்கள் அந்த வீட்டின், அந்த ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். இரு தரப்பாருக்கும் வருகிற குழப்பம் ஒன்றுதான்: இணையச் சந்தா கட்டுவதா, சான்றிதழ் வாங்குவதா, நேரில் காப்பகத்துக்குப் போவதா? எந்த ஆவணத்தை முதலில் திறப்பது?

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறிய பாரிஷில் பெயர் கிடைப்பது கடினமே இல்லை. கிடைத்த இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவைதான் என்று நிரூபிப்பதுதான் கடினம். முந்நூறு நானூறு பேர் வாழ்ந்த ஊரில் ஆண்களில் பெரும்பகுதியினருக்கு ஜான், வில்லியம், தாமஸ் என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வரும். 1760இல் ஞானஸ்நானம் பெற்ற வில்லியம் கூப்பர் ஒருவர், 1784இல் மணமுடித்த வில்லியம் கூப்பர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் குழந்தையிலேயே இறந்திருக்கலாம். அடுத்து பிறந்த தம்பிக்கு அதே பெயரை வைப்பது அன்று சாதாரணம். அல்லது இரண்டாமவர் பக்கத்துப் பாரிஷிலிருந்து வேலைக்கு வந்த வேறொருவராக இருக்கலாம். ஆகவே எந்த ஆவணத்தில் பெயர்கள் அதிகம் என்று பார்க்காமல், எந்த ஆவணம் ஓர் ஆளை இன்னோர் ஆளோடு சேர்த்துக் காட்டுகிறது என்று பார்த்துத்தான் நான் தேர்வு செய்வேன்.

பாரிஷ் பதிவேடு

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் பிறப்பித்த உத்தரவின்படி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். ஏட்டைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதியவை நிறையவே அழிந்தன. 1598இல் வந்த உத்தரவு, பழையவற்றைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னது. எலிசபெத் அரசியான 1558 முதலாவது படியெடுத்தால் போதும் என்ற பொருளில் அது அமைந்ததால், பல ஊர்ப் பதிவேடுகள் இன்று 1558இல்தான் தொடங்குகின்றன. டெவன் கவுன்டியின் கோலிட்டன் போல 1538இலிருந்தே பதிவேடு பிழைத்திருக்கும் ஊர் அமைந்தால் அது பெரும் பேறு. கோலிட்டன் பதிவேட்டை வைத்துத்தான் ரிக்லி என்ற வரலாற்றாய்வாளர் 1960களில் ஒவ்வொரு குடும்பமாக மீட்டெடுத்து, பதினேழாம் நூற்றாண்டுக் கிராமத்துப் பெண்கள் எந்த வயதில் மணந்தார்கள், எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்று கணக்கிட்டார். ஒரு சிற்றூர் ஏடு ஒரு நாட்டின் குடும்ப வரலாற்றையே திருத்தி எழுத வைத்தது.

ஆனால் ஒரு குடும்பத்தைத் தேடுகிறவருக்கு அந்த ஏடு என்ன தருகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1813க்கு முன் பாதிரியார் தன் விருப்பப்படி எழுதினார். சிலர் தாயின் பெயரைக்கூட எழுதவில்லை. அடக்கப் பதிவில் பெரும்பாலும் வயது இருக்காது. அந்தக் காலத்தில் சில யார்க்ஷயர் பாரிஷ்கள் விதிவிலக்கு. அங்கே வில்லியம் டேட் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1770களிலிருந்து தாத்தா பாட்டி பெயர் வரை எழுதிவைத்தார்கள். உங்கள் ஊர் அப்படி ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1754 மார்ச் 25 முதல் திருமணங்களுக்குத் தனிப் பதிவேடு வந்தது. மணமக்களின் கையெழுத்தோ, எழுதத் தெரியாதவர் போட்ட கீறலோ, சாட்சிகளின் பெயரோடு இருக்கும். 1813 ஜனவரி 1 முதல் அச்சிட்ட படிவம்: ஞானஸ்நானத்தில் பெற்றோர் இருவரின் பெயர், ஊர், தந்தையின் தொழில், அடக்கத்தில் வயதும் வசிப்பிடமும். இந்த மூன்று கட்டங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஆண்டுக்குப் பதிவேடு போதும், எந்த ஆண்டுக்குப் போதாது என்பது தானாகத் தெரியும். என் அனுபவத்தில் 1813க்குப் பிறகு பதிவேடு நம்பகமான துணை. அதற்கு முன் அது ஒரு தொடக்கம் மட்டுமே.

பொறிகளும் உண்டு. 1751 வரை ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் அது நம் கணக்கில் 1721 பிப்ரவரி. 1719 ஜூனில் திருமணம், 1719 பிப்ரவரியில் குழந்தை என்று படித்துவிட்டு ஒரு குடும்பத்தின் மேல் வீண்பழி போடுகிறவர்கள் இன்றும் உண்டு. 1653 முதல் 1660 வரை, அரசர் இல்லாத காலத்தில், பதிவு பாதிரியாரிடமிருந்து பிடுங்கப்பட்டது; திருமணம் மாஜிஸ்திரேட் முன் நடந்தது. பல ஊர்களில் அந்த ஆண்டுகள் வெறுமையாகவோ குழப்பமாகவோ இருக்கும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த ஆண்டுகளில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ஏழை என்று இருந்தாலே அவர் வறியவர் என்று முடிவுகட்டக் கூடாது. வரி முடிந்ததும் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்திருப்பதும் உண்டு.

மூல ஏடா, பேராயர் பிரதியா, தட்டச்சுப் பட்டியலா?

பதிவேடு என்று முடிவானாலும் அதை எந்த வடிவத்தில் பார்ப்பது என்ற கேள்வி வரும். 1598 முதல் ஒவ்வொரு பாரிஷும் ஆண்டுதோறும் தன் பதிவுகளின் பிரதியைப் பேராயருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூல ஏடு நனைந்தோ எரிந்தோ போன ஊருக்கு இந்தப் பிரதியே உயிர். டர்ஹாம் மறைமாவட்டத்தின் (பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி) பிரதிகளை ஃபேமிலிசர்ச் என்ற வம்ச ஆய்வுத் தளத்தில் படமாகவே இலவசமாகப் பார்க்கலாம். இரண்டும் பிழைத்திருந்தால் இரண்டையும் பாருங்கள். படியெடுத்தவர் ஒரு வரியை விட்டிருப்பார், அல்லது மூலத்தில் இல்லாத ஒரு விவரத்தைத் தன் நினைவிலிருந்து சேர்த்திருப்பார். ஒன்றை மட்டும் பார்க்க முடியுமென்றால் மூல ஏட்டையே பார்ப்பேன்.

தட்டச்சுப் பட்டியல்கள் வேறு வகை. ஃப்ரீரெக் போன்ற தன்னார்வத் தளங்களில் பல பாரிஷ்களின் பதிவுகளை ஆட்கள் பொறுமையாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். கார்ன்வால், டார்செட், லங்காஷயர் போன்ற இடங்களில் பாரிஷுக்கு ஒரு தன்னார்வலர் என்று இணையத்தில் பொறுப்பேற்று, கேட்டால் தேடிச் சொல்கிறார்கள். இவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் பட்டியல் என்பது தேடுவதற்கான கருவி. அதுவே சான்று அல்ல. பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்பதால் ஏட்டில் இல்லை என்று ஆகாது. எந்தெந்த ஆண்டுகளைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். சிறிய பாரிஷுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பதிவுகள்தான் என்பதால் நூறு ஆண்டு ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துவிடலாம். நகரத்துப் பாரிஷில் அது நடக்காது. ஒரு குடும்பப் பெயரைத் தேடாமல் முழு ஏட்டையும் படிக்கும்போதுதான் சாட்சியாக அடிக்கடி கையெழுத்துப் போடும் மச்சான் யார், எந்த விதவை யாரை மறுமணம் செய்தாள், எந்த ஆண்டில் அடக்கங்கள் திடீரென்று பெருகின என்பதெல்லாம் பிடிபடும்.

சந்தா கட்டுவதற்கு முன் ஒன்று. எந்த நிறுவனம் பெரியது என்று கேட்காதீர்கள், உங்கள் கவுன்டியின் படங்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். டார்செட், வில்ட்ஷயர் பதிவேடுகள் ஆன்செஸ்ட்ரி என்ற சந்தாத் தளத்தில் இருக்கின்றன. டெவன், ஷ்ராப்ஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆகியவை ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற இன்னொரு சந்தாத் தளத்தில். எஸ்ஸெக்ஸ் காப்பகம் தன் படங்களைத் தானே கட்டணத்துக்குத் தருகிறது. தவறான நிறுவனத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினால் உங்கள் ஊரின் ஒரு பக்கம்கூடக் கிடைக்காமல் போகலாம். இங்கிலாந்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள பொது நூலகத்தில் விசாரியுங்கள். பல நூலகங்களின் கணினியில் இந்தத் தளங்கள் இலவசம்.

அந்தத் தளங்களிலேயே பிறர் போட்டுவைத்திருக்கும் வம்ச மரங்கள் ஏராளம். நான் அவற்றைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஒருவர் செய்த ஊகத்தை நாற்பது பேர் படியெடுத்திருப்பார்கள். நாற்பது பேர் சொல்வதால் அது உண்மை என்று தோன்றும்.

குடிமைப் பதிவும் கணக்கெடுப்பும்

1837 ஜூலை 1 முதல் அரசு பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதியத் தொடங்கியது. இங்கே பணத்தை மிச்சப்படுத்தும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆலயத்தில் நடந்த திருமணத்துக்குப் பாதிரியார் ஒரே விவரத்தை இரண்டு ஏட்டில் எழுதினார். ஒன்று ஆலயத்துக்கு, ஒன்று அரசுக்கு. ஆகவே 1837க்குப் பிந்தைய திருமணச் சான்றிதழில் இருப்பதெல்லாம், இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் உட்பட, பாரிஷ் பதிவேட்டிலும் இருக்கும். பதிவேட்டின் படம் உங்களுக்குக் கிடைக்கிறது என்றால் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. பிறப்புக்கு அப்படி அல்ல. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்காது, சான்றிதழில் இருக்கும். ஆனால் அந்தப் பெயர் மட்டும் போதுமென்றால் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலிலேயே அதை இலவசமாகப் பார்க்கலாம். 1875 வரை பிறப்பைப் பதியாத பெற்றோருக்குத் தண்டனை கடுமையாக இல்லாததால் தொடக்க ஆண்டுகளில் விடுபட்டவர்கள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801இலேயே தொடங்கினாலும் நாடு முழுவதற்கும் பெயரோடு கிடைப்பது 1841 முதல். அந்த 1841ஐ நம்பித் தொடங்காதீர்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் இல்லை. பிறந்த ஊருக்குப் பதில், இதே கவுன்டியா இல்லையா என்பது மட்டும். 1851இல் நிலைமை தலைகீழ்: உறவு, வயது, மணமானவரா, பிறந்த பாரிஷ் எல்லாம் இருக்கும். 1851இல் எழுபது வயதான ஒரு கிழவி தான் பிறந்த பாரிஷைச் சொல்லியிருந்தால், நீங்கள் ஒரே தாவலில் 1780க்குப் போய்விடுகிறீர்கள். பாரிஷ் பதிவேடுகள் தனியாக விட்டுச்செல்லும் இடைவெளிக்கு இதைவிடக் குறைந்த செலவில் வேறெதுவும் பாலம் கட்டாது.

உங்கள் முன்னோர் 1820களிலேயே மதராஸுக்குக் கப்பலேறிவிட்டார் என்றால் அவர் கணக்கெடுப்பில் இருக்க மாட்டார். அப்போதும் 1851ஐ விடாதீர்கள். அவருடைய அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் ஊரில் இருப்பார்கள். அவர்களை வைத்துக் குடும்பத்தைப் பிடித்துவிட்டுப் பதிவேட்டுக்குத் திரும்பினால், ஒரே பெயருள்ள இருவரில் எவர் உங்களவர் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கும்.

ஏழைகளின் தாள்கள்

நான் அதிகம் வாதாட விரும்புவது இந்த ஆவணங்களுக்காகத்தான். வம்சம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியாகத் தொடுவதும் இவற்றைத்தான்.

கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் கிடந்தார்கள் என்று நாம் நினைக்கிறோம். நாட்டிங்காம்ஷயரின் கிளேவொர்த் என்ற கிராமத்தின் பாதிரியார் வில்லியம் சாம்ப்சன் 1676இல் ஒருமுறை, 1688இல் ஒருமுறை, தன் பாரிஷில் இருந்த ஒவ்வொருவரையும் வீடு வீடாக எழுதிவைத்தார். முதல் பட்டியலில் 401 பேர், இரண்டாவதில் 412 பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் ஊர் அசையவே இல்லை என்று தோன்றும். ஆனால் முதல் பட்டியலில் இருந்தவர்களில் 244 பேர் பன்னிரண்டு ஆண்டுகளில் காணாமல் போயிருந்தார்கள். சிலர் இறந்தார்கள், அவர்களைவிட அதிகமானோர் ஊரைவிட்டுப் போனார்கள். வயல் வேலைக்கு ஆண்டுக் கூலியாகச் சேர்ந்த இளைஞரும் பெண்களும் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். இதனால்தான் ஒரு பாரிஷின் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வம்சம் கட்டுவது தள்ளாடுகிறது. பிறப்பு ஓர் ஊரில், மணம் ஓர் ஊரில், மரணம் மூன்றாவது ஊரில்.

இந்த நடமாட்டத்தைத் துரத்தி எழுதிவைத்தது ஏழைச் சட்டம். 1601 சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே வரி வசூலித்துக் காப்பாற்ற வேண்டும். 1662 சட்டம், எந்த ஏழை எந்தப் பாரிஷின் பொறுப்பு என்று வகுத்தது. பிறப்பால், தந்தையால், பெண்ணுக்குக் கணவனால், தொழில் பழகியதால், ஓராண்டு முழுதும் கூலிக்கு இருந்ததால், ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகையில் குடியிருந்ததால் என்று ஓர் ஊரின் உரிமை ஒருவருக்கு வரும். அந்த உரிமை வந்துவிடக் கூடாது என்றே ஓராண்டுக்குச் சில நாள் குறைவாக வேலைக்கு எடுத்த முதலாளிகளும் இருந்தார்கள். ஒருவர் நோயில் விழுந்தாலோ வேலை இழந்தாலோ, இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், எந்த வயதில் யாரிடம் வேலைக்குச் சேர்ந்தாய், என்ன கூலி, எத்தனை மாதம் இருந்தாய், யாரை எந்த ஆலயத்தில் மணந்தாய், பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயக் கூலியின் வாழ்க்கை முழுவதும் அரைப் பக்கத்தில், அவர் வாய்மொழியிலேயே இருக்கும். கீழே அவருடைய கீறல். பதிவேட்டில் பத்து ஆண்டு தேடி ஊகிக்க வேண்டியதை இந்த ஒரு தாள் நேராகச் சொல்லிவிடும். இதைச் சொல்ல வைத்த காரணம் கொடுமையானது என்பதையும் மறக்க முடியவில்லை. உன்னை எங்கள் ஊரிலிருந்து எங்கே துரத்தலாம் என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை கேள்விகளும். 1795 வரை, உதவி கேட்காதவரைக்கூட, நாளைக்குக் கேட்பார் என்ற பயத்திலேயே வெளியேற்ற முடிந்தது.

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள் விஷயத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. பதிவேட்டில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். வம்ச மரத்தின் அந்தக் கிளை அங்கேயே முறிந்துவிடும். ஆனால் அந்தக் குழந்தையை வளர்க்கும் செலவு பாரிஷின் தலையில் விழும் என்பதால், தந்தை யார் என்று தாயிடம் சத்தியம் வாங்கினார்கள். அவர் பணம் கட்டுவதாக எழுதிக்கொடுத்த பத்திரமும் சேர்ந்திருக்கும். மறுத்தவர் சிறைக்கும் போனார். தந்தை பெயர் தெரியாது என்று கைவிட்ட குடும்பங்கள் முதலில் தேட வேண்டிய இடம் இது.

குறைகள் உண்டு. இந்தத் தாள்கள் எல்லா ஊரிலும் பிழைக்கவில்லை. பாரிஷ் பெட்டியில் கட்டுக்கட்டாகக் கிடந்தவற்றைத் தேவையற்ற குப்பை என்று எரித்த ஊர்கள் உண்டு. 1834க்குப் பிறகு பாரிஷ்களை ஒன்றுசேர்த்த ஒன்றியங்களின் கைக்குப் பொறுப்பு மாறியதால், தேட வேண்டிய இடமும் மாறும். ஆனாலும் பிழைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் பாரிஷ் பெயரையும் குடும்பப் பெயரையும் தட்டுங்கள். பல கவுன்டிகள் இந்த விசாரணைத் தாள்களை ஒவ்வொரு ஆளின் பெயரோடும் அங்கே பட்டியலிட்டிருக்கின்றன. சந்தா எதுவும் கட்டுவதற்கு முன்பே நான் செய்யச் சொல்வது இதைத்தான்.

நிலமும் சொத்தும் உள்ளவர்கள்

குடும்பம் விவசாயக் கூலி அல்ல, சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலம் வைத்திருந்தவர்கள் என்றால் கணக்கு வேறு. உயில் முதலில். என் மகள் மேரி, இன்னாரின் மனைவி என்று ஓர் உயிலில் இருந்தால் அது ஒரே வரியில் மூன்று பேரைச் சேர்த்துவிடுகிறது. 1858 ஜனவரி வரை உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்கள்தான் பதிந்தன என்பதால், எந்த மறைமாவட்டத்தில் ஊர் இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். மணமான பெண்களின் உயில் 1882க்கு முன் அரிது. விதவைகளின் உயில்களே பெண்களின் பக்கத்தைச் சொல்லும், அவை பெரும்பாலும் ஆண்களின் உயில்களைவிட விரிவானவை. ஆனால் டெவனில் இந்த வழி ஏறக்குறைய மூடிவிட்டது. 1942 மே மாதம் எக்ஸெட்டர் மீது விழுந்த ஜெர்மன் குண்டுகளில் அங்கு வைத்திருந்த டெவன், சாமர்செட் உயில்கள் எரிந்துபோயின. 1538 முதல் பதிவேடு உள்ள கோலிட்டன் குடும்பத்துக்கும், லண்டனில் கேன்டர்பரி திருச்சபை நீதிமன்றத்தில் பதிந்த உயில்களையோ வரித்துறை எடுத்துவைத்த பிரதிகளையோதான் நம்ப வேண்டியிருக்கிறது.

மேனர் (ஒரு நிலப்பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதி) நீதிமன்ற ஏடுகள் இன்னொரு வாய்ப்பு. மேனர் நிலத்தை வைத்திருந்தவர் இறந்தால் அடுத்த வாரிசு நீதிமன்றத்தில் வந்து பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். தாத்தா, அப்பா, மகன் என்று வரிசையாகவே கிடைக்கும். பதிவேடு இல்லாத 1538க்கு முன்னும் போகலாம். ஆனால் 1733 வரை லத்தீன், சுருக்கெழுத்து, பழைய கையெழுத்து. பல தலைமுறை ஒரே நிலத்தில் இருந்த குடும்பம் என்று உறுதியானால் மட்டும் இதில் இறங்குங்கள்.

வம்சம் வேண்டாம், ஊரின் கதைதான் வேண்டும், நான் வாங்கிய வீட்டின் கதைதான் வேண்டும் என்பவருக்கு மேலே சொன்ன எதுவும் முதல் ஆவணம் அல்ல. தசமபாக வரைபடத்தை எடுங்கள். விளைச்சலில் பத்திலொரு பங்கை ஆலயத்துக்குக் கொடுப்பதுதான் தசமபாகம். 1836 சட்டத்துக்குப் பின் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலான பாரிஷ்களுக்கு வரைந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வயலுக்கும் ஓர் எண். கூடவே உள்ள ஏட்டில் உரிமையாளர், குடியிருப்பவர், வயலின் பெயர், உழுததா புல்லா, பரப்பு எல்லாம் இருக்கும். அதை 1841 கணக்கெடுப்போடு சேர்த்துப் படித்தால் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஊரையே நடந்து பார்த்துவிடலாம். 1841க்கு நான் பரிந்துரைக்கிற ஒரே நல்ல உபயோகம் இதுதான். செஷயர், டெவன் கவுன்டிகளின் வரைபடங்கள் இணையத்தில் இலவசம். நார்தாம்ப்டன்ஷயர் போன்ற நடுநாட்டுக் கவுன்டிகளில் பல ஊர்களுக்கு இந்த வரைபடமே இருக்காது. பொதுவயல்களை வேலியடைத்துப் பிரித்தபோதே அங்கே தசமபாகத்தையும் தீர்த்துவிட்டார்கள். அங்கே வேலியடைப்புத் தீர்ப்பும் அதன் வரைபடமும்தான் கதி.

ஞானஸ்நானம் கிடைக்காவிட்டால்

திருமணம் பதிவேட்டில் இருக்கிறது, அடக்கம் இருக்கிறது, ஆனால் பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றுகூட இல்லை. அப்படி வந்தால் ஏடு தொலைந்தது என்று முடிவு செய்யாதீர்கள். அந்தக் குடும்பம் மெதடிஸ்டோ பாப்டிஸ்டோ வேறு சபையாகவோ இருந்திருக்கலாம். 1754 முதல் 1837 வரை குவாக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோரும் பாரிஷ் ஆலயத்தில்தான் மணக்க வேண்டியிருந்தது. ஆகவே மணம் மட்டும் அங்கே, ஞானஸ்நானம் சபை ஏட்டில். அந்தச் சபை ஏடுகளில் பெரும்பகுதி 1837க்குப் பிறகு அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இன்று கியூவில் இருக்கின்றன. சந்தாத் தளங்களிலும் கிடைக்கின்றன.

பயணமா, கூலி ஆய்வாளரா?

1978இல் வந்த திருச்சபைச் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகள் பெரும்பாலும் கவுன்டி ஆவணக் காப்பகத்துக்கு வந்துவிட்டன. கிராமத்து ஆலயத்துக்குப் போனால் கல்லறைக் கற்களைப் படிக்கலாம், ஏட்டைப் படிக்க முடியாது. காப்பகத்திலும், பதிவேட்டின் படச்சுருளோ டிஜிட்டல் படமோ இருந்தால் மூலத்தைப் பொதுவாகத் தர மாட்டார்கள். வீட்டிலேயே பார்க்கக்கூடிய படத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ பயணம் போவது வீண். பயணத்தை ஏழைச் சட்டத் தாள்கள், ஏழைகளைக் கவனித்த பாரிஷ் மேற்பார்வையாளர்களின் கணக்கேடுகள், மேனர் ஏடுகள் ஆகியவற்றுக்கே ஒதுக்குங்கள். இவற்றில் பெரும்பகுதி இன்னும் படம் பிடிக்கப்படவில்லை, மூலத்தையே உங்கள் கையில் கொடுப்பார்கள். பல காப்பகங்களுக்குப் பொதுவான வாசகர் அட்டை இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். திறந்திருக்கும் நாட்கள் குறைவு, சில ஆவணங்கள் வேறு கிடங்கில் இருக்கும். முன்கூட்டியே கேட்டு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

போக முடியாதவர்களுக்குப் பெரும்பாலான காப்பகங்களே மணிக்கணக்கில் கட்டணம் வாங்கித் தேடித் தருகின்றன. தனி ஆய்வாளர்களும் உண்டு. அவர்களிடம் கூப்பர் குடும்பத்தைப் பற்றி என்ன கிடைத்தாலும் அனுப்புங்கள் என்று எழுதினால், நீங்கள் இணையத்தில் ஏற்கெனவே பார்த்ததற்கே பணம் போகும். எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று முதலில் பட்டியலிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 1780க்கும் 1800க்கும் இடையில் இந்தப் பாரிஷின் விசாரணைத் தாள்களிலும் வெளியேற்ற உத்தரவுகளிலும் வில்லியம் கூப்பர் என்ற பெயர் வருகிறதா, வந்தால் முழுத் தாளின் படம் வேண்டும். இல்லை என்று பதில் வந்தாலும் எந்தெந்தக் கட்டுகளைப் பார்த்தார்கள், அவற்றின் குறியீட்டு எண் என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.